ரெண்டு டன் அக்கா

முதல் தொழிலில் சிலருக்குக் காசு போகும், சிலருக்குப் பேர் போகும். நான் என் முதல் தொழிலில் கூடப் பிறந்த அக்காவையே விற்பனைக்கு வைத்தேன். அதுவும் பழைய இரும்புச் சாமான் வரிசையில்.

வேண்டுமென்று செய்யவில்லை. (இதை இத்தனை வருஷமாகச் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன். எங்கள் வீட்டில் இதுவரை ஒருவரும் நம்பியதாகத் தெரியவில்லை.)

இன்டர்நெட் போட்டால் டெலிபோன் ஒயருக்குள் யாரோ தொண்டையைக் கனைக்கிற மாதிரி சத்தம் வந்த காலம் அது. எங்கள் வீடு திருவொற்றியூரில். நைனாவுக்கு மணலியில் ஒரு தொழிற்சாலையில் பாய்லர் பக்கம் வேலை. நான் கம்ப்யூட்டர் படித்து முடித்துவிட்டு, மனுப் போட்ட கம்பெனிகள் எல்லாம் மௌனம் சாதித்ததால், நானே ஒரு கம்பெனி ஆரம்பித்துவிட்டேன். பெயர் 'டோண்டி நெட் வேர்ல்டு'. டோல்கேட்டில் ஒரு பிரவுசிங் சென்டரில், ஃபேன் காற்று எட்டாத மூலையில் இருந்த சிஸ்டம்தான் தலைமை அலுவலகம். விசிட்டிங் கார்டில் 'தேவி, நிர்வாக இயக்குநர்' என்று பொன் எழுத்தில் அடித்திருந்தேன். நிர்வகிப்பதற்கும் இயக்குவதற்கும் அங்கே என்னைத் தவிர வேறு ஜீவன் கிடையாது.

வட சென்னையின் சின்னக் கடைகளையெல்லாம் இன்டர்நெட்டில் ஏற்றி, உலகம் பூரா சரக்கு அனுப்ப வைப்பது என் திட்டம். உலகம் ரெடியாகத்தான் இருந்தது. கடைக்காரர்கள்தான் ரெடியாக இல்லை. ஒரு டிபன் கடை அக்காவிடம், உங்கள் கடையை அமெரிக்காவிலிருந்துகூடப் பார்க்கலாம் என்றேன். அவர் முகம் மாறி, சமையல்கட்டுக்குள்ளேயும் தெரியுமா என்று கேட்டார். தெரியும் என்று பெருமையாகச் சொன்னேன். அன்றோடு அந்தக் கடையில் எனக்கு டீகூடக் கிடைக்கவில்லை. ஹார்டுவேர் கடைக்காரர் ஒருவரிடம், நானே சைட் போட்டுத் தருகிறேன் என்றேன். அவர் ஆர்வமாக நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார வைத்தார். சைட் எங்கே கீது, மாத்தூரா, மழை பேஞ்சா தண்ணி நிக்குமா, பட்டா உண்டா என்று வரிசையாக விசாரித்தார். டாட் காமில் இருக்கிறது என்றேன். அது மீஞ்சூர் தாண்டியா என்றார்.

இப்படிச் செருப்பு தேய்ந்துகொண்டிருந்தபோதுதான் பஷீர் பாய் மாட்டினார். (அவர் பக்கத்திலிருந்து பார்த்தால் நான் மாட்டினேன் என்று சொல்ல வேண்டும்.)

பஷீர் பாய்க்கு ராயபுரத்தில் கடை. பழைய கப்பல்களிலிருந்து கழற்றிய சாமான்களை வாங்கி விற்பவர். வட்டமான ஜன்னல்கள், பித்தளை விளக்குகள், மலைப்பாம்பு மாதிரி சுருண்டு கிடக்கும் கயிறுகள், ஒரு தெருவுக்கே சோறு வடிக்கிற அண்டாக்கள் என்று கடை நிரம்பி வழியும். எல்லாவற்றுக்கும் முன்னால், வாசலில், ஒரு நங்கூரம் கிடந்தது. ஆள் உயரத்துக்கு மேல். அதில் வெள்ளை பெயிண்டால் '2 டன்' என்று எழுதி வைத்திருந்தார். பார்த்ததும் பிடித்துப்போய் வாங்கியதாம். வாங்கியவருக்குப் பிடித்த அளவு வேறு யாருக்கும் பிடிக்கவில்லை. வருஷக் கணக்கில் அங்கேயே கிடந்தது.

இப்போது இடத்துக்காரர் வாசலில் கட்டடம் எழுப்பப் போகிறார், மாசக் கடைசிக்குள் காலி செய்யச் சொல்லிவிட்டார். யாரும் வாங்காவிட்டால் கேஸ் கட்டர் வைத்துத் துண்டு துண்டாக வெட்டி, எடைக்குப் போட வேண்டியதுதான். அதைச் சொல்லும்போது பாய் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "வெட்றதுக்கு மனசு வர்லமா. எத்தினி ஊரு பாத்த பொருளு இது. முழுசா யாராச்சும் எட்த்துகினு போனா நான் நிம்மதியா தூங்குவேன்" என்றார்.

நான் விற்றுத் தருகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். அந்த வயதில் வாக்குதான் என்னிடம் தாராளமாக இருந்த சரக்கு.

பாய் தன் கேமராவில் நங்கூரத்தைப் பல கோணங்களில் படமெடுத்துக் கழுவிக் கொடுத்தார். படத்துக்குக் கீழே போட வேண்டியதையும் அவரே சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டேன். வியாபாரத்தில் பொய் ஆகாது, நல்லது கெட்டது ரெண்டையும் போடு என்று சொல்லிவிட்டார். சொன்னதை நான் திருத்தக்கூடப் பார்த்தேன். ஒரு எழுத்தை மாற்ற விடவில்லை.

இனி அக்காவுக்கு வருகிறேன்.

அக்கா மேகலா என்னைவிட நாலு வயது பெரியவள். பாரிமுனையில் ஒரு கிளியரிங் ஏஜென்ஸி ஆபீஸில் வேலை. புத்திசாலி, ஒல்லி, வாய் துடுக்கு. இதில் மூன்றாவது விஷயம்தான் வந்த வரன்களுக்கெல்லாம் தொண்டையில் சிக்கியது. ஒருவர் பெண் அதிகம் பேசுகிறாள் என்றார். அடுத்தவர் வந்தபோது அம்மா சத்தியம் வாங்கிக்கொண்டு அவளைப் பேசவே விடவில்லை. அவர் பெண் பேசவே இல்லை என்று போய்விட்டார். அதற்கப்புறம் அக்கா பெண் பார்க்கும் நாட்களில் ஒரு வாரப் பத்திரிகையோடு உள்ளே உட்கார்ந்துவிடுவாள். கூப்பிட்டால் வருவாள், கும்பிடுவாள், போய் விட்ட இடத்திலிருந்து படிப்பாள். அம்மாதான் ஒவ்வொரு தடவையும் மீந்த கேசரியைப் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொள்வாள்.

அந்தச் சமயத்தில் எண்ணூரிலிருந்து ஒரு வரன் வந்தது. பையன் பேர் சேகர். துபாயில் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறார். இப்போதைக்கு லீவு இல்லை, பெண்ணின் படத்தை ஈமெயிலில் அனுப்பினால் பார்த்துவிட்டுச் சொல்கிறேன், பிடித்திருந்தால் ஞாயிற்றுக்கிழமை என் அம்மாவும் தாய்மாமனும் வீட்டுக்கு வருவார்கள் என்று சொல்லி அனுப்பியிருந்தார். அம்மா ஈமெயில் என்ற சொல்லைக் கேட்டதும் என்னைத் திரும்பிப் பார்த்தாள். படிக்க வைத்ததற்கு இதையாவது உருப்படியாகச் செய் என்று அந்தப் பார்வை சொன்னது.

அக்காவை ஸ்டுடியோவுக்கு அழைத்துப் போனோம். மாங்காய் பார்டர் போட்ட நீலப் பட்டுப் புடவை கட்டி, நீல வானம் வரைந்த திரைக்கு முன்னால், பிளாஸ்டிக் பூந்தொட்டியில் கை வைத்து நின்றாள். படம் நன்றாகவே வந்தது.

படங்களை ஸ்கேன் செய்யக் காசு. அதனால் பாய் கொடுத்ததில் ஒன்று, அக்காவுடையது ஒன்று, இரண்டையும் ஒரே நாளில் ஸ்கேன் செய்து ஒரே ஃப்ளாப்பியில் போட்டுக்கொண்டேன். கோப்புகளுக்குப் பெயர் வைப்பதில் என்னிடம் ஒரு விஞ்ஞான முறை இருந்தது. பொருளின் முதல் எழுத்தும் ஒரு எண்ணும். அக்காவுக்கு ஏ. ஆங்கர் என்ற நங்கூரத்துக்கும் ஏ. எனவே ஏ-1, ஏ-2. ஸ்கேன் செய்யும்போது எது ஒன்று எது இரண்டு என்று எனக்குத் தெளிவாகத் தெரிந்திருந்தது. மறுநாள் காலையிலும் தெளிவாகத்தான் தெரிந்தது. இரண்டு தெளிவும் ஒன்றுக்கொன்று நேர் எதிர் என்பதுதான் சங்கடம்.

படத்தைத் திறந்து பார்த்திருக்கலாமே என்று கேட்பீர்கள். பார்த்தேன். அந்தக் காலத்தில் இன்டர்நெட்டில் ஒரு படம் மேலிருந்து கீழாக, யாரோ பெயிண்ட் அடித்துக்கொண்டு வருகிற மாதிரி, பட்டை பட்டையாகத்தான் இறங்கும். அக்கா படத்தின் மேல்பகுதி நீல வானம். நங்கூரத்தின் படத்தில் மேலே ராயபுரத்து வானம், அதுவும் நீலம். இரண்டிலும் நீலம் வருகிற வரைக்கும் காத்திருந்தேன். சரியாக இருக்கிறது என்று திருப்தியோடு மூடிவிட்டேன். மீட்டர் ஓடுகிற இடத்தில் முழு அக்கா இறங்குகிற வரைக்கும் யார் உட்கார்ந்திருப்பது?

சேகருக்கு மெயில் போனது: நீங்கள் கேட்ட படத்தை இணைத்திருக்கிறோம், நேரில் இதைவிட நன்றாக இருக்கும்.

பாயின் பக்கமும் உலகத்தின் பார்வைக்கு ஏறியது. கூடவே ஒரு இலவசத் தமிழ்ப் பட்டியலிலும் பதிந்து வைத்தேன். அதில் இன்னொரு நுட்பம். தமிழ் எழுத்து தெரிய வேண்டுமென்றால் பார்க்கிறவரின் கம்ப்யூட்டரில் அதற்கான எழுத்துரு இருக்க வேண்டும். இல்லாவிட்டால் தலையில் கொம்பும் வாலும் முளைத்த வெள்ளைக்கார எழுத்துகளாகத் தெரியும். அந்த எழுத்துரு அப்போது தமிழ்நாட்டிலேயே டோல்கேட் மூலைச் சிஸ்டத்தில் மட்டும்தான் இருந்தது என்று நினைக்கிறேன். ஆக, உலகம் அந்தப் பக்கத்தில் பார்த்தது இரண்டே இரண்டு. ஒரு படம், கீழே பாய் கடையின் டெலிபோன் நம்பர்.

அந்த வாரமே போன் வந்துவிட்டது. நான் கடையில்தான் இருந்தேன். பேசியவர் நாமக்கல் பக்கம் ஒரு ஊரில் புடவைக் கடை வைத்திருக்கும் பூங்கோதை அம்மா. அவருடைய தம்பி கம்ப்யூட்டர் சென்டர் நடத்துகிறவர். எதையோ தேடப் போய், கண்ணில் பட்ட பக்கத்தை அச்செடுத்து இவரிடம் கொடுத்திருக்கிறார். அந்தப் பக்கம் என்ன பேசினார் என்பதை அவரே பிற்பாடு சொன்னார். இரண்டையும் சேர்த்துத் தருகிறேன்.

"கம்ப்யூட்டர்ல பாத்தமுங்க. அந்தப் பீஸ் இருக்குதுங்களா?"

"கீதுமா. கடை வாசல்லயே கீது."

"வேற கலர்ல கிடைக்குமுங்களா?"

"கலரு உங்க இஷ்டம். நீங்க சொல்ற கலரை அட்ச்சித் தரேன்."

"தண்ணியில போட்டா ஒண்ணும் ஆகாதுங்களே?"

"தண்ணிக்குள்ள போடறதுக்குத்தானேமா அது. வர்சக்கணக்குல உப்புத் தண்ணில கெடந்திச்சு, ஒண்ணும் ஆவல."

பூங்கோதை அம்மா அசந்துபோனாராம். உப்புத் தண்ணீரில் ஊறவைத்துச் சாயம் நிறுத்துகிற முறை அவர் கேள்விப்படாதது.

"கனமா இருக்குமுங்களா?"

"நாலு பேர் சேந்தாலும் நவுத்த முடியாது."

"மடிச்சு பார்சல்ல போட்டு விடுவீங்களா?"

இந்த இடத்தில் பாய் ரிசீவரைக் காதிலிருந்து எடுத்து ஒரு தடவை பார்த்தார். பிறகு பொறுமையாக, "மடியாதுமா. லாரி எட்த்துகினு வாங்க" என்றார். மொத்தமாகத்தான் கொடுப்பார்கள் போலிருக்கிறது என்று அந்த அம்மா புரிந்துகொண்டு, ஞாயிற்றுக்கிழமை நேரில் வருகிறேன் என்று வைத்துவிட்டார்.

போனை வைத்ததும் பாய் என் தலையில் கை வைத்து ஆசீர்வாதம் செய்தார். அவர் கண் கலங்கியிருந்தது. எனக்கும்தான். அன்று வீட்டுக்குப் போகிற பஸ்ஸில் நான் உட்காரவே இல்லை. இடம் இருந்தும் நின்றுகொண்டே போனேன். நிர்வாக இயக்குநர் என்ற முறையில் எனக்கு உட்காரத் தோன்றவில்லை. எண்ணூரிலிருந்தும் வருகிறோம் என்று தகவல் வந்துவிட்டதால், ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் பெண் பார்க்கிறார்கள், கடைக்கு வர முடியாது என்று மட்டும் பாயிடம் சொல்லியிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. கேசரி கிளறியாயிற்று, வாழைக்காய் பஜ்ஜி எண்ணெயில் மிதந்தது. அக்கா அதே நீலப் புடவையில், பத்திரிகையோடு உள்ளறையில் உட்கார்ந்திருந்தாள். சேகரின் அம்மா சிரித்த முகமாக வந்து, விரித்திருந்த கோரைப்பாயில் உட்கார்ந்தார். பின்னால் வந்த தாய்மாமன் சிரிக்கவில்லை. தட்டை நீட்டியதும் வாங்கிப் பக்கத்தில் வைத்துவிட்டார். பஜ்ஜியைத் தொடவில்லை. எங்கள் பக்கத்தில் சூடான பஜ்ஜியைத் தொடாமல் ஒருவர் உட்கார்ந்திருந்தால் அது போர்ப் பிரகடனம்.

அவர் சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த தாள் ஒன்றை எடுத்தார். சேகர் தனக்கு வந்த மெயிலை எண்ணூரில் ஒரு பிரவுசிங் சென்டருக்கு அனுப்பி வைத்திருக்கிறார், அம்மாவும் பார்க்கட்டும் என்று. அதை அச்செடுத்து வாங்கி வந்தவர் மாமன்.

"பொண்ணு படம் கேட்டா இன்னா அனுப்பிகீறீங்க, பாருங்க."

நைனா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு தாளைப் பார்த்தார். வெகு நேரம் பார்த்தார். பிறகு, பள்ளிக்கூடத்தில் வாத்தியார் கேட்டதற்குப் பதில் சொல்கிற மாதிரி, "நங்கூரம்" என்றார்.

"அது எனுக்கும் தெர்து. எங்க புள்ள ஹார்பர்ல வேல செய்றான்னு நக்கலா? நேர்ல இன்னும் நல்லா இருக்கும்னு வேற எழுதிகீது."

அம்மா என்னைப் பார்த்தாள். நைனா என்னைப் பார்த்தார். தெருவில் போன நாய்கூட நின்று என்னைப் பார்த்த மாதிரி இருந்தது. எனக்கு முதலில் ஒன்றுமே புரியவில்லை. பிறகு மெல்ல, அந்தக் காலத்துப் படம் இறங்குகிற மாதிரியே, மேலிருந்து பட்டை பட்டையாகப் புரிந்தது. நங்கூரம் துபாய்க்குப் போயிருக்கிறது. அப்படியானால் துபாய்க்குப் போக வேண்டியது எங்கே போயிருக்கிறது? கடைசிப் பட்டை இறங்குவதற்குள் வாசலில் ஆட்டோ வந்து நின்றது.

"தேவிமா, பார்ட்டி வந்துட்டாங்க" என்று பஷீர் பாயின் குரல் கேட்டது.

விஷயம் இதுதான். பூங்கோதை அம்மா கடைக்கு வந்திருக்கிறார். பாய் நங்கூரத்தைக் காட்டியிருக்கிறார். அது இல்லை, கம்ப்யூட்டரில் பார்த்ததுதான் வேண்டும் என்று அவர் சொல்லியிருக்கிறார். கம்ப்யூட்டர் சமாச்சாரம் என்றால் அது தேவிக்குத்தான் தெரியும் என்று பாய் அவரை நேராக எங்கள் வீட்டுக்கே கூட்டி வந்துவிட்டார். அந்த அம்மா கையிலிருந்த அச்சுத் தாளை பாய் பார்க்கவில்லை. கண்ணாடியைக் கடையிலேயே வைத்துவிட்டு வந்திருந்தார்.

பூங்கோதை அம்மா உள்ளே நுழைந்தார். சத்தம் கேட்டு அக்கா உள்ளறை வாசலுக்கு வந்து நின்றாள். அந்த அம்மாவின் முகம் மலர்ந்தது. நேராக அவளிடம் போய் முந்தானையைக் கையில் எடுத்து, வெளிச்சத்தில் பிடித்து, திருப்பி, பின்பக்கத்து நூலையும் பார்த்தார்.

"இதேதானுங்க. இந்தப் பீஸ்தான் வேணுமுங்க. இதுல மொத்தம் எத்தனை இருக்குதுங்க?"

வந்தவர் மாப்பிள்ளை வீட்டைச் சேர்ந்த பெரிய மனுஷி என்று அம்மா நினைத்துவிட்டாள். பணிவாக, "ரெண்டுதாங்க. இது பெரிசு, அது சின்னது" என்று என்னையும் காட்டினாள்.

தாய்மாமன் எழுந்து அந்த அம்மா கையிலிருந்த தாளை வாங்கினார். அதில் அக்கா பூந்தொட்டியோடு நின்றாள். கீழே கொம்பும் வாலுமாக நாலு வரி, அதற்கும் கீழே கடை நம்பர். இது என்ன பாஷை, என்ன எழுதியிருக்கிறது என்று அவர் கேட்டார். குரல் ரொம்ப அமைதியாக இருந்தது. கோபக்காரர்கள் அமைதியாகப் பேசினால் நான் இன்றைக்கும் வாசல் பக்கம் நகர்ந்துவிடுவேன்.

நான் வாயைத் திறப்பதற்குள் பாய் முந்திக்கொண்டார். அவருக்கு அது பெருமைக்குரிய விஷயம். "நான் சொல்லி எழுதினதுதான் சார். மனப்பாடமா சொல்றேன்" என்று தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"நல்ல கனமான பீஸ். ரெண்டு டன். கிரீஸ் நாட்டுக் கப்பல்ல இருந்தது. வயசு ஆச்சு, ஆனா உறுதி. லேசா துரு உண்டு, பெயிண்ட் அடிச்சா தெரியாது. இடம் காலி பண்ணணும், அதனால சீக்கிரம் தள்ளிவிடப் பாக்குறோம். நேர்ல வந்து தட்டிப் பாத்து எடுத்துக்கலாம்."

ஒவ்வொரு வாக்கியத்துக்கும் இடையில் பாய் ஒரு சின்ன இடைவெளி விட்டார். அந்த இடைவெளிகளில் அடுப்பில் எண்ணெய் கொதிக்கிற சத்தம் மட்டும் கேட்டது. நைனா சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். என்னைப் பொறுத்தவரை, அந்த நங்கூரத்தைக் கட்டி யாராவது என்னைக் காசிமேட்டுக் கடலில் இறக்கியிருந்தால் நன்றியோடு இறங்கியிருப்பேன்.

முதலில் சிரித்தது அக்கா.

சத்தமாகச் சிரித்தாள். முந்தானை இன்னும் பூங்கோதை அம்மா கையில் இருந்ததால் வாயைப் பொத்தவும் வழியில்லை. சிரித்துச் சிரித்துக் கதவைப் பிடித்துக்கொண்டாள். "நைனா, மூணு வருசமா நீங்க எல்லாரும் மனசுக்குள்ள நெனச்சிகினு இருந்தத பாய் அப்டியே சொல்லிட்டார்" என்றாள்.

அம்மா கண்ணை மூடிக்கொண்டாள். இந்த வரனும் வாயால் போயிற்று என்று அவள் மனதுக்குள் கேசரியை அக்கம்பக்கத்துக்குப் பங்கு போட்டுக்கொண்டிருப்பது எனக்குத் தெரிந்தது.

ஆனால் அடுத்த சிரிப்பு சேகரின் அம்மாவிடமிருந்து வந்தது. அவர் வந்ததிலிருந்து எதையோ அடக்கிக்கொண்டுதான் உட்கார்ந்திருந்திருக்கிறார். தம்பியைக் கையால் அமர்த்தினார்.

"எம் புள்ள படம் பாத்த அன்னிக்கே போன் பண்ணான். இவன் கோவத்துல என்ன பேசவே வுடல. படத்துல ரெண்டு டன்னு போட்டுக்கீது, அது பரவால்லமா, என் கிரேனு நாப்பது டன் தூக்கும்னான். அந்த வூட்ல யாருக்கோ நல்லா தமாஸ் பண்ண வர்து, வுடாத, போய்ப் பாத்துட்டு வானு சொன்னான். அதான் வந்தேன்."

அக்கா சிரிப்பை நிறுத்தினாள். அதுவரை எத்தனையோ பேர் அவளைப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறார்கள். அவள் ஒருவரைப் பற்றியும் ஒரு கேள்விகூடக் கேட்டதில்லை. அன்றைக்கு முந்தானையை மெல்ல விடுவித்துக்கொண்டு, சேகரின் அம்மாவுக்கு எதிரே வந்து உட்கார்ந்து, "அவுரு வேற இன்னா சொன்னாரு?" என்று கேட்டாள்.

இரண்டு பேரும் பேச ஆரம்பித்துவிட்டார்கள். எங்களை யாரும் சட்டை செய்யவில்லை. கொஞ்ச நேரம் நின்றுகொண்டே இருந்த தாய்மாமன் கடைசியில் உட்கார்ந்து, யாரையும் பார்க்காமல், ஆறிப்போன பஜ்ஜி ஒன்றை எடுத்துக் கடித்தார். அம்மா கண்ணைத் திறந்து, ஓடிப்போய்ச் சூடாக நாலு கொண்டுவந்து வைத்தாள்.

(பாய்க்கு நான் விஷயத்தை விளக்கியபோது அவர் படத்தைக் கண்ணருகே வைத்துப் பார்த்துவிட்டு, அக்காவிடம் போய், துரு என்று சொன்னதற்கு மன்னிப்புக் கேட்டார். கனம் என்று சொன்னதற்குக் கேட்கவில்லை. மறந்துவிட்டார் என்று நினைக்கிறேன்.)

மிச்சம் இருந்தது பூங்கோதை அம்மா. ராத்திரி பூரா ரயிலில் வந்தவர். அந்தப் புடவை வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் எடுத்தது, அங்கே இது மாதிரி அடுக்கி வைத்திருப்பார்கள், நானே கூட்டிப் போகிறேன் என்று அம்மா சொன்னதும் சமாதானமானார். அதோடு விட்டிருக்கலாம். அவரோ, அந்த நங்கூரத்தை இன்னொரு தடவை பார்க்கணுமுங்க என்றார். நானும் கூடப் போனேன். பாய் சொல்லியிருந்தபடியே வளையலணிந்த கையால் அதைத் தட்டிப் பார்த்தார். ஒரு சுற்று வந்தார். அவர் கடைக்கு எதிரே புதிதாக ஒரு கடை வந்திருக்கிறதாம், வாசலில் கும்பிடு போடுகிற பொம்மையை வைத்துக் கூட்டத்தை இழுக்கிறார்களாம். "எங்கூர்ல இதை எவனும் பாத்திருக்க மாட்டானுங்க" என்றார்.

மாசக் கடைசிக்கு முன்னால் லாரி வந்தது. நங்கூரம் முழுசாக, வெட்டுப்படாமல், கடலே இல்லாத ஊருக்கு ஒரு புடவைக் கடை வாசலில் நிற்பதற்காகக் கிளம்பியது. பாய் லாரி திரும்புகிற வரைக்கும் தெருவில் நின்று பார்த்தார். டோண்டி நெட் வேர்ல்டு வரலாற்றில் அதுதான் முதல் விற்பனை. அடுத்த விற்பனை வருவதற்குள் கம்பெனியை மூடிவிட்டேன்.

அக்காவுக்கும் சேகர் மாமாவுக்கும் தை மாசம் கல்யாணம். பத்திரிகை அடிக்கிற வேலையில் என்னைக் கிட்டேயே சேர்க்கவில்லை. இன்றைக்கும் வீட்டுக் குரூப்பில் நான் எந்தப் படத்தைப் போட்டாலும், குழந்தையின் பிறந்தநாளாக இருந்தாலும் சரி, சாம்பாராக இருந்தாலும் சரி, மாமா முதல் ஆளாகக் கீழே எழுதுவார்: எத்தினி டன்னு? நைனா ரிட்டயர் ஆனபோது ஆளுயர மாலை போட்டு எடுத்த படத்துக்குக் கீழே அம்மாவே எழுதினாள், லேசா துரு உண்டு என்று. பெண்ணோ பையனோ, எங்கள் சொந்தத்தில் வரன் படம் அனுப்புகிறவர்கள் கூடவே ஒரு வரி சேர்த்து அனுப்புகிறார்கள்: தேவி கையில் கொடுக்காதே.

போன மாசம் பூங்கோதை அம்மா கடையைப் பெரிதாக்கித் திறப்பு விழா வைத்தார். கூப்பிட்டிருந்தார், போனேன். நாமக்கல்லில் இறங்கி டவுன் பஸ் ஏறினேன். ஊர் நெருங்கியதும் கண்டக்டர், நங்கூரம் ஸ்டாப்பிங் எல்லாம் எறங்குங்க என்று குரல் கொடுத்தார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவரிடம், அது என்ன அந்தப் பேர் என்று கேட்டேன். அந்தக் காலத்தில் கடல் இந்த மலை அடிவாரம் வரைக்கும் இருந்ததுங்க, ராஜா ஒருத்தர் கப்பலில் வந்து இங்கேதான் நங்கூரம் போட்டார், கடல் பின்வாங்கிவிட்டது, நங்கூரம் நின்றுவிட்டது என்று அவர் சொன்னார். ராஜா பேரைக்கூடச் சொன்னார். நான் மறுக்கவில்லை.

பஸ்ஸை விட்டு இறங்கியதும் முதல் வேலையாக அக்காவுக்குப் போன் போட்டு, பெரியவர் சொன்னதை அப்படியே சொன்னேன். 

"ராஜா காலத்து பீஸா?" என்றாள். "அப்ப கொஞ்சம் துரு இருக்கத்தான்டி செய்யும்."